செப்பேடும் சீனக் கோபுரமும்
(வகுப்பறைக்கு வந்து சேர்ந்துள்ள மூலச் சான்றுகளைப் பற்றிச் சில சிந்தனைகள்)

வரலாறு நம் பள்ளிகளில் நெடுங்காலமாக மனப்பாடப் பாடமாகவே இருந்து வருகிறது. அரசர் பெயர், போர் நடந்த ஆண்டு, கோயில் எழுப்பியவர், அணை கட்டியவர் என்று நாம் எழுதிப் போட, மாணவர் எழுதிக்கொள்கின்றனர். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். இந்நிலைக்கு ஆசிரியரை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. பாடநூலில் உள்ள ஒரு வரிக்கு ஆதாரம் எது என்று மாணவன் கேட்டால், அதைக் காட்டும் வாய்ப்பு அண்மைக்காலம்வரை தஞ்சைத் தரணியின் சிற்றூர் ஆசிரியருக்கு இருந்ததில்லை. செப்பேடு ஐரோப்பிய நூலகம் ஒன்றில் இருந்தது. கல்வெட்டுத் தொகுதிகள் பல்கலைக்கழக நூலகத்தில் பூட்டிய அலமாரிக்குள் இருந்தன. ஓலைச்சுவடியை அணுக அனுமதிக் கடிதம் வேண்டியிருந்தது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. உலகின் பெரிய நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் தம்மிடமுள்ள சுவடிகளையும் பழைய அச்சு நூல்களையும் ஒளிப்படமாக்கிக் கணினி வழியே எவரும் காணுமாறு வைத்து வருகின்றன. திருவாரூரிலோ பேராவூரணியிலோ உள்ள பள்ளியில் ஒரு கணினியும், சுவரில் படம் காட்டும் கருவி ஒன்றும் இருந்தால் போதும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஓர் ஆணையின் படியையோ, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கட்டுரையையோ மாணவர் கண்முன் நிறுத்தலாம். இந்த வாய்ப்பு நமக்கு என்ன தருகிறது, நம்மிடம் என்ன கேட்கிறது என்பதை நம் டெல்டா மண்ணுக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டின் வழியே இங்கே எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். அந்த எடுத்துக்காட்டு கத்தோலிக்கராகிய நம்மைச் சற்றுத் தயங்கவும் வைக்கக்கூடியது. அதனாலேயே அதைத் தேர்ந்துகொண்டோம்.

ஆனைமங்கலத்து நெல்

நாகப்பட்டினம் மாவட்டத்தில் கீழ்வேளூர்ப் பகுதியில் ஆனைமங்கலம் என்ற ஊர் இன்றும் உண்டு. இவ்வூரை முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துப் புத்த விகாரம் ஒன்றுக்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அந்த விகாரத்தைக் கட்டத் தொடங்கியவன் கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டு மன்னன் சூளாமணிவர்மன். அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் காலத்தில் அது நிறைவெய்தியது. அதனால் சூளாமணி விகாரம் என்று அது பெயர் பெற்றது. சைவனாகிய சோழ மன்னன், புத்த சமயத்தவனாகிய அயல்நாட்டு மன்னனின் பள்ளிக்கு, சோழ நாட்டு விளைநிலத்தின் வருவாயை எழுதிக் கொடுத்தான். தந்தையின் கொடை நிலைத்து நிற்கும்படி, அதைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன் இராசேந்திரன்.

இருபத்தொரு செப்பேடுகள், அவற்றைக் கோத்த வளையத்தில் சோழர் முத்திரை. ஐந்து ஏடுகளில் வடமொழிப் பகுதியும், பதினாறு ஏடுகளில் தமிழ்ப் பகுதியும் உள்ளன. மொத்த எடை ஏறத்தாழ 30 கிலோ. டச்சுக்காரர் காலத்தில் நம் மண்ணைவிட்டு வெளியேறிய இவ்வேடுகள் 1862இல் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தை அடைந்தன. ஆகவே வரலாற்று நூல்களில் இவை 'லெய்டன் செப்பேடுகள்' என்றே வழங்குகின்றன. முதற் குலோத்துங்கன் காலத்தைச் சேர்ந்த மூன்று ஏடுகள் கொண்ட மற்றொரு தொகுதியும் உடன் சென்றதால், இவற்றைப் பெரிய லெய்டன் செப்பேடு, சிறிய லெய்டன் செப்பேடு என்று பிரித்துச் சொல்வர். பெரிய செப்பேட்டின் வாசகத்தை கே. வி. சுப்பிரமணிய ஐயர் 'எபிகிராஃபியா இண்டிகா'வின் இருபத்திரண்டாம் தொகுதியில் விளக்கத்துடன் பதிப்பித்தார். அத்தொகுதி இன்று கணினியில் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கிறது. ஏடுகள் எந்த நாட்டில் இருந்தாலும் அவற்றின் வாசகம் நம் மாணவருக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

பாடநூலில் இதைப் பற்றி ஒரு வரி இருக்கும்: இராசராசன் சமயப் பொறை மிக்கவன், புத்த விகாரத்துக்கு நிலக்கொடை அளித்தான் என்று. அந்த ஒரு வரியை மட்டும் அறிந்த மாணவனையும், செப்பேட்டின் தமிழ்ப் பகுதியைக் கண்ட மாணவனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆணை பிறந்த நாள் அதில் குறிக்கப்பட்டுள்ளது: மன்னனின் இருபத்தோராம் ஆட்சியாண்டில் 92ஆம் நாள், அதாவது கி.பி. 1006ஆம் ஆண்டை ஒட்டிய காலம். இடமும் குறிக்கப்பட்டுள்ளது: தஞ்சாவூர்ப் புறம்படியில் இராசாச்ரயன் என்னும் மாளிகையின் தெற்கு மண்டபம். மன்னன் அங்கே வீற்றிருந்து வாய்மொழியாகச் சொன்னதை ஓலை எழுதுவோன் எழுதுகிறான், மேலதிகாரிகள் ஒப்பிடுகின்றனர், வரிக் கணக்கில் பதிகின்றனர், நாட்டாருக்குத் திருமுகம் செல்கிறது. ஊரார் கூடி, பிடியானையை நடத்தி எல்லையைச் சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை வகுக்கின்றனர். தன் ஊர் வயல் வரப்பில் எல்லைக்கல் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

அடுத்து வருவது கணக்கு. நிலத்தின் அளவு 97 வேலிக்குச் சற்று மேல். அதிலிருந்து ஆண்டுதோறும் வரவேண்டிய நெல் 8,943 கலம், இரு தூணி, ஒரு குறுணி, ஒரு நாழி. இவ்வளவைகள் வேற்று மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அகராதிச் சொற்களாக இருக்கலாம். ஆனால் டெல்டாவில் வேலியும் மாவும் இன்றும் பேச்சில் உள்ள அளவைகள். கலமும் மரக்காலும் தாத்தா பாட்டியரின் நாவில் இன்னும் இருக்கின்றன. குறுணி என்றால் மரக்கால். நான்கு குறுணி ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். அப்படியானால் இரு தூணி ஒரு குறுணி என்பது ஒன்பது குறுணி, அதாவது முக்கால் கலம். வேலிக்கு எத்தனை கலம் வரி என்று வகுத்துப் பார்க்கச் சொன்னால், ஏறத்தாழ 92 கலம் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவர். உடனே அடுத்த கேள்வி எழும். இது மிகுதியா, குறைவா? மொத்த விளைச்சல் எவ்வளவு இருந்தால் 92 கலம் வரியாகக் கட்டியபின் உழுதவன் வீட்டுக்கு நெல் மிஞ்சும்? அன்றைய வேலியும் இன்றைய வேலியும் ஒரே பரப்புத்தானா? நிலம் அளக்கும் கோல் காலந்தோறும் இடந்தோறும் வேறுபட்டது என்பதை ஆசிரியர் இங்கே சொல்ல வேண்டும். விடை முழுமையாகக் கிடைக்காமல் போகலாம். ஆயினும், எண் ஒன்றைக் கண்டவுடன் அதை எப்படிச் சோதிப்பது என்று கற்ற மாணவன், பிற்காலத்தில் எவர் கூறும் புள்ளிவிவரத்தையும் அப்படியே விழுங்கமாட்டான்.

இன்னுமொன்று. கொடுத்த மன்னனின் பெயரும், எழுதியவர், ஒப்பிட்டவர், கையெழுத்திட்டவர் பெயர்களும் ஏட்டில் உள்ளன. அந்த 97 வேலியில் நாற்று நட்ட பெண்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. மூலச் சான்றை நேரில் காணும் மாணவனே அது சொல்லாமல் விட்டதையும் காண்கிறான். கூலி விவசாயக் குடும்பங்களிலிருந்து வரும் நம் பிள்ளைகள் பலருக்கு இந்த மௌனம் தம் வீட்டு மௌனமாகவே கேட்கும்.

புதுவெளிக் கோபுரம்

செப்பேட்டைப் படித்த பிள்ளை கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அந்த விகாரம் இப்போது எங்கே இருக்கிறது?"

இதற்கு விடை தேடினால் மற்றொரு மூலச் சான்று கைக்கு வருகிறது. சர் வால்டர் எலியட் என்பவர் சென்னை அரசின் ஆட்சிக் குழுவில் உறுப்பினராக இருந்தவர். நாணயங்களையும் கல்வெட்டுகளையும் ஆராய்ந்த அறிஞர். அவர் 1878இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' என்னும் ஆய்விதழில், நாகப்பட்டினத்தில் முன்னர் நின்ற ஒரு கட்டடத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அவ்விதழின் தொகுதிகளும் இன்று கணினியில் கிடைக்கின்றன. நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஒன்றிரண்டு மைல் தொலைவில் செங்கல்லால் ஆன நாற்புறக் கோபுரம் ஒன்று மூன்று நிலைகளுடன் நின்றது. உள்ளே தளங்கள் சிதைந்துபோயிருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் வாயில் போன்ற திறப்பு இருந்தது. மக்கள் அதைப் புதுவெளிக் கோபுரம் என்றனர். ஐரோப்பியர் சீனக் கோபுரம் என்றனர். கடலில் வரும் மாலுமிகளுக்கு அது கரையடையாளமாக விளங்கிற்று. எலியட் அதை 1846இல் நேரில் கண்டார்.

அந்தக் கோபுரத்தை இடித்தவர்கள் யார்? இயேசு சபைக் குருக்கள்.

இச்செய்தியை நாம் மெல்லிய குரலில் சொல்லிக் கடந்துவிட முடியாது. 1773இல் கலைக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் நிறுவப்பட்ட இயேசு சபையின் பிரெஞ்சுக் குருக்கள், 1830களின் இறுதியில் புதிய மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்தனர். அவர்கள் 1844இல் நாகப்பட்டினத்தில் புனித வளனார் கல்லூரியைத் தொடங்கினர். 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு இடம் மாறி இன்றளவும் புகழுடன் விளங்கும் கல்லூரி அதுவே. கோபுரம் நின்ற இடம் அவர்கள் வசமாயிற்று. 1856இல் அங்கே ஒரு பெரிய இலுப்பை மரத்தை அகற்றியபோது, மண்ணுக்கடியில் செங்கல் அறை ஒன்றில் ஐந்து புத்த உருவங்கள் கிடைத்தன. 1859இல், பாழடைந்த கோபுரத்தை இடித்து அதன் செங்கற்களைக் கல்லூரிக் கட்டடத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வேண்டி அரசுக்கு விண்ணப்பித்தனர். அப்போது அரசு இசையவில்லை. பழுதுபார்த்துக் காக்கலாம் என்ற கருத்தும் எழுந்தது. மீண்டும் முயன்றபோது, நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த 1867இல் அனுமதி கிடைத்தது. கோபுரம் மறைந்தது.

1856 முதல் 1930கள் வரை நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தச் செம்புத் திருமேனிகள் ஏறத்தாழ 350. அவற்றைப் பற்றி டி. என். இராமச்சந்திரன் எழுதிய நூலை 1954இல் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்டது. கட்டடம் அழிந்தபின் அந்தப் பழைய வழிபாட்டின் பெருஞ்சான்றாக நமக்கு எஞ்சியவை இத்திருமேனிகளே.

இரு பக்கமும் உண்மை

இதை நம் மறைமாவட்டப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவருக்குச் சொல்லலாமா? சொல்லலாகாது என்பார் நம்மிடையே உண்டு. அவர்களின் அச்சம் பொருளற்றதன்று. சமய உறவுகள் எளிதில் புண்படும் காலம் இது. நம் பிள்ளைகள் தம் சபையைப் பற்றித் தலைகுனிவு கொள்வர். பிறர் கையில் இது கல்லாக மாறும் என்கின்றனர்.

நாம் வேறுவிதமாக எண்ணுகிறோம். முதலாவதாக, இது மறைவான செய்தியன்று. எலியட்டின் கட்டுரை 1878இலேயே அச்சேறியது. இன்று கைப்பேசி வைத்திருக்கும் எந்தப் பிள்ளையும் இதை எப்போது வேண்டுமானாலும் காணலாம். அவ்வாறு காணும்போது, "சூளாமணி விகாரத்தைக் கிறித்தவர்கள் இடித்தனர்" என்ற ஒரே வரியாக அது வந்து சேரும். ஆசிரியர் துணையுடன் மூலங்களைப் படித்த மாணவனோ, அந்த ஒரு வரியில் எவ்வளவு சரி, எவ்வளவு ஐயம் என்று கேட்கத் தெரிந்தவனாக இருப்பான்.

ஐயம் உண்மையாகவே இருக்கிறது. 1867இல் இடிக்கப்பட்ட கோபுரமும் இராசராசன் கொடை பெற்ற விகாரமும் ஒன்றுதானா? பதினான்காம் நூற்றாண்டில் கடற்பயணம் செய்த வாங் தாயுவான் என்ற சீனர் தம் நூலில் ஒரு செங்கல் கோபுரத்தைக் குறிப்பிடுகிறார். அதன்மேல் சீன எழுத்தில் காணப்பட்ட வாசகம், அது முடிக்கப்பட்ட ஆண்டைக் கூறுகிறது, அது கி.பி. 1267. இக்கோபுரமே பிற்காலத்துச் 'சீனக் கோபுரம்' என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அக்கருத்து சரியானால், இடிக்கப்பட்டது இராசராசன் காலத்து விகாரமன்று. இரண்டரை நூற்றாண்டு கழித்துச் சீன வணிகரின் தொடர்பால் எழுந்த மற்றொரு கட்டடம். இதனால் இழப்பு சிறிதாகிவிடவில்லை. சோழர் கடற்கரையில் சீனர் எழுப்பிய கோபுரம் ஒன்று இன்று நின்றிருந்தால் அது எத்துணை அரிய சின்னமாக இருந்திருக்கும்! ஆயினும் எதை இழந்தோம் என்பதைச் சரியாகச் சொல்வதும் உண்மையின் ஒரு பகுதியே.

அடுத்து, அக்காலத்தையும் மாணவர் அறிய வேண்டும். பழஞ்சின்னங்களைக் காக்க வேண்டும் என்ற உணர்வு அன்று அரசிடமும் உறுதியாக இருக்கவில்லை. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு அணைக்குப் பயன்படுத்தப்பட்டன. அந்த அணையின் நீரால் இன்றும் நம் வயல்கள் விளைகின்றன. செங்கல்லும் கருங்கல்லும் அன்று வெறும் கட்டுமானப் பொருளாகவே பலர் கண்ணுக்குத் தெரிந்தன. இதைச் சொல்வது காரணத்தை விளக்குவதற்கே, குற்றத்தைக் கழுவுவதற்கன்று. ஏனெனில் அதே காலத்தில், அதே அரசில், இடிக்க வேண்டா என்று வாதிட்ட குரலும் இருந்தது என்பதற்கு 1859ஆம் ஆண்டு நிகழ்ச்சியே சான்று. வேறுவிதமாக எண்ண அன்றும் வழி இருந்தது.

இங்கே 'நாம்' என்ற சொல்லைப் பற்றி ஒன்று கூறவேண்டும். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரை நாம் 'நம் வீரமாமுனிவர்' என்கிறோம். அவர் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்ததைப் பெருமையுடன் சொல்கிறோம். 1578இல் தமிழில் முதன்முதல் நூல் அச்சிட்ட அன்றீக்கு அடிகளாரை நம்மவர் என்கிறோம். கல்லூரிகளும் மருத்துவமனைகளும் கட்டிய குருக்களை நம் முன்னோர் என்கிறோம். பெருமைக்குரிய பக்கங்களில் 'நாம்' என்று எழுதிவிட்டு, வருந்தத்தக்க பக்கத்தில் மட்டும் 'அவர்கள்' என்று எழுதுவது நேர்மையாகாது. திருச்சபை ஒரே உடல் என்று நம்பும் நாம், அதன் நினைவையும் முழுமையாக ஏற்க வேண்டியவர்களே.

இதில் திருச்சபையின் தலைமையே நமக்கு வழி காட்டியுள்ளது. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1881இல் வத்திக்கான் ஆவணக் காப்பகத்தை ஆய்வாளருக்குத் திறந்துவிட்டார். எதிரிகள் அதைப் பயன்படுத்தித் திருச்சபையைத் தாக்குவர் என்று அஞ்சியவர்கள் அன்றும் இருந்தனர். 1883 ஆகஸ்டில் மூன்று கர்தினால்மாருக்கு எழுதிய மடலில், வரலாறு எழுதுபவன் பொய் சொல்லத் துணியலாகாது, உண்மையைச் சொல்லவும் அஞ்சலாகாது என்ற பழைய நெறியை அவர் நினைவூட்டினார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று அறிவித்தபோது, புத்த சமயத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2000ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், திருச்சபையின் மக்கள் கடந்த காலத்தில் செய்த தவறுகளுக்காக இறைவனிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். இவற்றையெல்லாம் மறைக்கல்வி வகுப்பில் கற்பித்துவிட்டு, வரலாற்று வகுப்பில் நாகப்பட்டினத்தைப் பற்றி வாய் மூடியிருந்தால் நம் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வர்?

இன்னும் திறந்துள்ள வாயில்கள்

நாகப்பட்டினம் ஓர் எடுத்துக்காட்டே. டெல்டா மாணவருக்கு உரிய மூலச் சான்றுகள் உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் பல இன்று படமாக எட்டுகின்றன. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் அவர்க்குப் பின் வந்தோரும் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பிய அறிக்கைகளை அங்குள்ள பிராங்கே நிறுவனங்கள் கணினியில் ஏற்றியுள்ளன. அவற்றில் 1712 முதல் 1714 வரை தமிழர் பலர் தம் சமயம், பழக்கவழக்கம், வாழ்க்கை ஆகியவற்றைப் பற்றி எழுதிய ஏறத்தாழ நூறு மடல்களும் அடங்கும். தமிழ் மூலங்கள் கிடைக்கவில்லை. ஜெர்மன் மொழிபெயர்ப்பே எஞ்சியது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் எழுதிய மடல் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் உள்ளது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் உதவியுடன், 1650 முதல் 1950 வரையிலான தமிழக வேளாண் வரலாற்று ஆவணங்களை ஊர்ஊராகத் தேடிப் படமெடுத்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பழைய தமிழ் அச்சு நூல்களைத் தந்துகொண்டிருக்கிறது.

ஆனால் படம் கிடைத்துவிட்டது என்பதாலேயே பாடம் நடந்துவிடாது. ஒரு வகுப்புக்கு ஒரு சான்று போதும். அதிலும் ஒரு பக்கம் போதும். யார் எழுதியது, எப்போது, யாருக்காக, எதைச் சொல்லவில்லை என்ற நான்கு கேள்விகளை மாணவரே கேட்கும்வரை ஆசிரியர் பொறுத்திருக்க வேண்டும். செப்பேட்டைப் பாடலாம் என்றால் முதலில் ஆசிரியரே அதைக் கூட்டிப் படித்துப் பழக வேண்டும். எலியட்டின் கட்டுரை ஆங்கிலத்தில் இருப்பதால் அதன் இன்றியமையாத பகுதியைத் தமிழில் சுருக்கித் தர வேண்டும். எலியட்டையும் ஐயமின்றி ஏற்றுவிடலாகாது. அவர் ஆங்கில அரசின் அதிகாரி, கோபுரம் மறைந்து பல ஆண்டுகள் கழித்து எழுதியவர், இடிப்பை விரும்பாதவர். குருக்களின் பக்கத்து ஆவணங்கள் என்ன சொல்கின்றன என்று தேடுவதும் நம் கடமையே. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையார் பேணிவரும் ஆவணக் காப்பகம் அத்தகைய தேடலுக்கு உரிய இடம்.

கணினியில் உள்ளது என்றென்றும் இருக்கும் என்றும் எண்ணலாகாது. 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினி அமைப்பு கயவர்களின் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் மின் சேமிப்புகள் பல மாதங்கள் எவருக்கும் எட்டாமற்போயின. படம் மூலத்துக்குத் துணையே தவிர மாற்று ஆகாது.

நம் பங்குகளின் பெட்டகங்கள்

இறுதியாக நம் வீட்டுக்குள்ளேயே நோக்குவோம். நம் பழைய பங்குகளில் திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் உள்ளன. பல இலத்தீனில் எழுதப்பட்டவை. எந்த ஊரிலிருந்து எந்தக் குடும்பம் வந்தது, பஞ்சக் காலத்தில் எத்தனை குழந்தைகள் இறந்தன, யார் யாருக்கு ஞானப்பெற்றோர் ஆயினர் என்பவற்றை அரசு ஆவணம் சொல்லாது, இவை சொல்லும். அரசனின் செப்பேட்டில் இடம்பெறாத உழவர், மீனவர், கூலியாள் ஆகியோரின் பெயர் இங்கே இறைமுன்னிலையில் எழுதப்பட்டிருக்கிறது. நட்ட பெண்களின் பெயர் இல்லாத செப்பேட்டைக் கண்டு வருந்திய மாணவிக்கு, தன் பாட்டியின் பாட்டி பெயரை இப்பதிவேட்டில் காட்டலாம்.

ஆனால் அவற்றின் நிலை என்ன? கறையானும் ஈரமும் ஒருபுறம். புயலும் கடலும் மறுபுறம். 1952 நவம்பர் 30 அன்று நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் என்று நம் கரையோரம் கண்ட அழிவுகள் நமக்குத் தெரியும். ஒருமுறை நனைந்து ஒட்டிப்போன பதிவேட்டைப் பிரித்தெடுக்க இயலாது. ஆகவே ஒவ்வொரு பங்கிலும் பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு படியைப் பங்கிலும் ஒரு படியை ஆயரகத்திலும் வைக்கும் பணியை நாம் தள்ளிப்போடலாகாது. இளைஞர் இயக்கத்தினரும் மேல்வகுப்பு மாணவரும் பங்குத்தந்தையின் மேற்பார்வையில் இதைச் செய்யலாம். அதேவேளையில் இவை குடும்பங்களின் தனிச் செய்திகள் அடங்கியவை. உயிரோடிருப்போரையும் அவர்தம் பெற்றோரையும் பற்றிய பக்கங்களைப் பொதுவெளியில் வைப்பது முறையன்று. எந்த ஆண்டுவரையுள்ள பக்கங்களை மாணவர் காணலாம் என்பதை மறைமாவட்டமே வரையறுத்தல் நன்று.

உண்மை நம்மை விடுதலையாக்கும் என்று ஆண்டவர் கற்பித்தார். அந்த உண்மையில் பங்குப் பதிவேட்டின் ஏழைப் பெயர்களும் அடங்கும். ஆனைமங்கலத்து நெல்லும் அடங்கும். புதுவெளியில் நாம் இடித்த கோபுரமும் அடங்கும். வரும் கல்வியாண்டில் நம் பள்ளிகளின் வரலாற்று ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒரு மூலச் சான்றையேனும் மாணவர் கையில் தர முடிவெடுப்பார்களாக. நாகப்பட்டினத்தைச் சுற்றியுள்ள பள்ளிகள் செப்பேட்டிலிருந்தும் எலியட்டின் கட்டுரையிலிருந்தும் தொடங்கலாம். மற்ற ஊர்கள் தத்தம் கோயில் கல்வெட்டிலிருந்தோ, பங்குப் பதிவேட்டின் முதல் ஏட்டிலிருந்தோ தொடங்கலாம்.